ஆவுடையின் எடை

கூடுதலாகச் சாப்பிட்டால் எடை கூடும் என்று மனித குலம் நம்பிக்கொண்டிருக்கிறது. மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன் தம்பி, அது பிழை. வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அரசு முத்திரை குத்திய தராசில், தை மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் சோதித்து நிரூபித்திருக்கிறேன். ஆகவே எடை போட்டுவிடும் என்று பயந்து இந்தக் கடலைமிட்டாயை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு எனக்கு இரண்டு துண்டு உண்டு, டாக்டர் உத்தரவு. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது வயிற்றுக்குத் தெரியுமா?

உங்கள் அம்மாவுக்கு இடுப்பெலும்பு என்றீர்கள். என் மனைவி அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள். ஆவுடையம்மாள். ஒன்றுமில்லை, மண்டியில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். புழுக்கம்தான். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று நானே அந்தச் சின்ன டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இந்தக் காலத்தில் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது.

மண்டியில் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்க மாட்டீர்களா?

நான் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைகளில் இருக்கிற தராசு, எடைக்கல், எண்ணெய் அளக்கிற குவளை எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துவது எங்கள் வேலை. சரியில்லை என்றால் அபராதம். முப்பது வருஷத்தில் ஒரு பைசா லஞ்சம் தொட்டதில்லை. பட்சணம் வேறு. சோதனைக்குப் போன இடத்தில் ஒரு தட்டு காராச்சேவும் இரண்டு மைசூர்பாகும் வைத்தால் அதை மறுப்பது மரியாதையில்லை. அப்படியே தொண்ணூற்று நாலு கிலோவுக்கு வந்துவிட்டேன்.

ஒரு நாள் சாத்தூர்ப் பக்கம் ஒரு வெல்லக்கடை. கடைக்காரர் அபராத ரசீதை வாங்கிக்கொண்டே சொன்னார்: "கல்லுல நூறு கிராம் கொறையுதுன்னு எழுதிட்டீங்க, சரி சார். கொறஞ்சது எங்க போச்சுன்னு இத்தனை நாளா நானும் தேடிக்கிட்டிருந்தேன். இப்பத்தான் தெரியுது." என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடையே சிரித்தது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் சோற்றை நிறுத்தினேன்.

ஒன்பது வருஷம் தம்பி. காலையில் ஒரு இட்லி, சட்னி இல்லாமல். மத்தியானம் வெள்ளரிக்காயும் மோரும். ராத்திரி ஒரு கைப்பிடி அவித்த பயறு. கல்யாண வீடுகளில் இலை முன்னால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். வீட்டில் என்ன பஞ்சமா என்று ஆவுடை தலையில் அடித்துக்கொள்வாள். "ஏங்க, ஊருக்கெல்லாம் அளந்து போடச் சொன்ன மனுசன், உங்க வயித்துக்கு மட்டும் இப்படிக் கொறச்சு அளக்குறீங்களே, இதுக்கு அபராதம் கெடையாதா?" என்பாள். அவளுக்கு வாய் உண்டு. இப்போது கொஞ்ச நாளாக அதிகம் பேசுவதில்லை.

அறுபத்தொன்றுக்கு வந்தேன். கூடவே மயிர் கொட்டியது, சித்திரை வெயிலில் குளிர்ந்தது, எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஆனால் அறுபத்தொன்று.

வீட்டில் வைத்துக்கொள்கிற எடை மெஷினை நான் நம்ப மாட்டேன். முத்திரை இல்லாத தராசும் சாட்சி இல்லாத கல்யாணமும் எனக்கு ஒன்றுதான். அதனால் வேலாயுதம் அண்ணாச்சியின் கொத்தமல்லி மண்டிக்குத்தான் போவேன். அங்கே இருக்கிற மேடைத் தராசு நானே முத்திரை குத்தியது. முதலில் தனியாகத்தான் ஏறினேன். பட்டினியில் எனக்குத் தலை சுற்றும், உடம்பு ஆடும், ஆள் ஆடினால் எண் நிற்காது. அறுபது என்னும், அறுபத்திரண்டு என்னும். ஆவுடை கூட ஏறி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். எண் அசையாமல் நின்றது. அன்றைக்கு அவளை மட்டும் தனியாக நிறுத்திப் பார்த்தேன், ஐம்பத்தெட்டு. மொத்தத்தில் ஐம்பத்தெட்டைக் கழித்தால் மிச்சம் நான். எவ்வளவு சுலபம் பாருங்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஏறுவோம். அண்ணாச்சி முதல் நாள், "என்ன சார், மறுபடியும் மாலை மாத்தப் போறீங்களா?" என்று கேட்டார். பிறகு பழகிவிட்டார்.

அது எப்போது என்றா கேட்கிறீர்கள்? ஆறு வருஷம் ஆகிறது. அவள் எடை ஏன் மாறப் போகிறது? அவள் என்ன பத்தியம் இருந்தாளா, விருந்து தின்றாளா? கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஆள். எங்கள் அலுவலகத்தில் பித்தளையில் எடைக்கற்கள் உண்டு. வெல்வெட் வைத்த பெட்டிக்குள் இருக்கும், வெறுங்கையால் தொடக் கூடாது. ஊரில் உள்ள கல்லையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் சரி, தப்பு சொல்வோம். ஆவுடையிடம் சொன்னேன், "நீதான் எனக்கு அந்தப் பித்தளைக் கல்" என்று. எந்தப் பெண்டாட்டிக்கும் இப்படிச் சொன்ன புருஷன் உண்டா? அவள், "அப்ப என்னையும் பொட்டியில வச்சு மூடிருங்க" என்றாள்.

சரி, தைக்கு வருகிறேன். பொங்கல் கழிந்து குளியலறையில் விழுந்தேன். டாக்டர் ஹெப்சிபாவிடம் கூட்டிப்போனாள். சின்ன வயதுப் பெண், ஆனால் கண்டிப்பு. என் கதையைக் கேட்டுவிட்டு, "இது பத்தியம் இல்ல சார், பட்டினி. உடம்பு தன்னையே தின்னுக்கிட்டிருக்கு. சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். எடை ஏறத்தான் செய்யும், பயப்படக் கூடாது" என்றார்.

பயப்படக் கூடாதாம். எனக்கு அந்தத் தொண்ணூற்று நாலு கனவில் வரும் தம்பி. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "உள்ளே வரலாமா?" என்று கேட்கும்.

ஆனால் உத்தரவு உத்தரவு. மாசியில் இட்லி மூன்றாயிற்று, எள்ளுப்பொடி, நல்லெண்ணெயோடு. பங்குனியில் மத்தியானம் சோறு வந்தது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பருப்புச் சோறும் நெய்யும். நான் அழுதுவிட்டேன், அவளும் அழுதாள். சித்திரையில் பதினோரு மணிக்கு நேந்திரம்பழம், நாலு மணிக்குக் கடலைமிட்டாய். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடுங்கிக்கொண்டே தராசில் ஏறுவேன்.

எண் அசையவில்லை.

கேட்டுக்கொள்ளுங்கள். தையில் இருவருமாக நூற்றுப் பத்தொன்பது. மாசியில் நூற்றுப் பத்தொன்பது. பங்குனியில் நூற்றுப் பத்தொன்பது. நெய் ஏறியது, சோறு ஏறியது, பழம் ஏறியது, எண் மட்டும் ஆணி அடித்தது போல நின்றது. எனக்கு மயக்கம் கூட வைகாசியோடு நின்றுவிட்டது. தனியாக ஏறலாம்தான். ஆனால் சோதனை நடக்கும்போது நடுவில் முறையை மாற்றக் கூடாது. அது அடிப்படை.

அண்ணாச்சி முதலில் கேலி செய்தார். "சார், நீங்க திங்குற நெய்யெல்லாம் எங்கதான் போகுது? என் தராசு மேல எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார். அரசாங்க எடைக்கற்களைக் கொண்டுவந்து சரிபார்த்தோம். தராசில் குற்றமில்லை. அதற்குப் பிறகு அவர் கேலி செய்வதை விட்டுவிட்டார். நாங்கள் ஏறும்போது எண்ணைப் பார்ப்பார், ஆவுடையைப் பார்ப்பார், கல்லாவுக்குப் போய்விடுவார்.

ஒரே ஒரு சிக்கல், என் பேண்ட். இடுப்பில் ஏறவில்லை. தையல்காரர் காஜா மைதீனிடம் கொடுத்தேன். அவர் சிரிக்கிறார். "சார், உங்க பேண்டைப் பிரிச்சு விடச் சொல்றீங்க, அம்மா ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தைக்கச் சொல்றாங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல கொண்டு வந்தா, இதுல வெட்டி அதுல ஒட்டிருவேன்ல?" நல்ல நகைச்சுவை. மூன்று தடவை பிரித்தாயிற்று. ஆனால் தராசு அறுபத்தொன்று என்கிறது. அப்படியானால் என்ன பொருள்? நான் பருத்திருக்கிறேன், எடை கூடவில்லை. பஞ்சை அடித்தால் பொங்குகிறதே, அது போல. இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று இருக்கிறேன்.

அவள் ஜாக்கெட்டா? அது துணியின் கோளாறு. வெளுக்க வெளுக்கத் தளரும். வளையலும் அப்படித்தான். இதோ, என் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறேன், பாருங்கள். உள்ளே இருந்து கொடுத்தார்கள். கழற்றக்கூட வேண்டியதில்லையாம், கையைத் தொங்கவிட்டதும் தானாக விழுந்ததாம். பொன் உட்பக்கமாகத் தேயும் தம்பி. முப்பத்தெட்டு வருஷம் போட்ட வளையல் பெரிதாகத்தான் செய்யும். நகைக்கடைகளை நான் சோதித்தவன்.

இப்போது ஒன்று நினைவுக்கு வருகிறது, உங்களுக்கும் பயன்படும். இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதற்குள் ஈயத்தை ஊற்றி, அதன்மேல்தான் நாங்கள் முத்திரை குத்துவோம். களவாணிக் கடைக்காரன் அந்த ஈயத்தைச் சுரண்டிவிடுவான். மேலே பார்த்தால் கல் அப்படியே இருக்கும். அதே நிறம், அதே எழுத்து. வாடிக்கையாளர் தினமும் பார்க்கிற கல், அவருக்கு எப்படித் தெரியும்? நான் தூக்கிப் பார்த்தாலே சொல்லிவிடுவேன். கேட்டால், "தேஞ்சிருச்சு சார்" என்பான். தேய்ந்த கல்லைப் புழங்கினாலும் அபராதம்தான். குறித்த காலத்துக்கு ஒரு முறை எல்லாக் கல்லையும் கொண்டுவந்து சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பித்தளைக் கல்லுக்கே அந்தச் சட்டம் உண்டு, நாங்களே அதை வெளியூருக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்குவோம். தெரியாது என்றால் விட மாட்டேன். எத்தனை பேரை அழவைத்திருக்கிறேன்!

என்ன கேட்டீர்கள்? ஆவுடை சாப்பிடுகிறாளா என்றா? நன்றாகச் சாப்பிடுகிறாள். எனக்குப் போட்டியாகச் சாப்பிடுகிறாள் என்று கூடச் சொல்வேன். வைகாசியிலிருந்து தண்ணீரில் வேறு போட்டி. பானையைக் கவிழ்த்துவிடுவாள். குடிப்பதற்கு ஒரு தடவை எழுந்திருப்பாள், போவதற்கு ஒரு தடவை எழுந்திருப்பாள். என் தூக்கம் போயிற்று. கக்கூஸில் ஒரே எறும்பு. எங்கே சர்க்கரை சிந்தியிருக்கிறாய் என்று கேட்டால், "கக்கூஸ்ல வந்து காப்பியா போட்டேன்?" என்கிறாள். பங்குனியில் தராசின் இரும்பு விளிம்பில் கால் விரலை இடித்துக்கொண்டாள். இன்னும் துணி சுற்றிக்கொண்டிருக்கிறாள். மருந்து போட்டால்தானே ஆறும். தன்னைப் பார்த்துக்கொள்கிற வழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது.

சுகர் பார்த்தீர்களா என்கிறீர்கள். எல்லாரும் இதையே கேட்கிறார்கள். பார்த்தாயிற்று. எனக்குப் பார்த்தாயிற்று, சாப்பிடும் முன்னும் பின்னும். கச்சிதமாக இருக்கிறது.

அவளுக்கா?

அந்த ஹெப்சிபாவும் இதைத்தான் ஆரம்பித்தார். ஆனி மாதம் போனபோது என்னைப் பார்த்ததும், "சார், முகம் தெளிஞ்சிருச்சே! பத்துக் கிலோவாவது ஏறியிருப்பீங்க" என்றார். ஒரு கிராம் ஏறவில்லை என்றேன். அவருடைய மெஷினில் ஏறச் சொன்னார். அதில் முத்திரை எங்கே என்று கேட்டேன். இல்லை. நான் பணியில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று விளக்கினேன். "சரி சார், நீங்க எப்படித்தான் எடை பார்க்குறீங்க?" என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மாவை எப்ப சார் தனியா நிறுத்திப் பார்த்தீங்க?"

"ஆறு வருஷத்துக்கு முன்னால்."

"அம்மா, நீங்க இப்படி வாங்க. இதுல ஏறுங்க. ஒரு சொட்டு ரத்தமும் எடுத்துப் பார்த்துடலாம்."

இதைத்தான் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். கணவனுக்கு வைத்தியம் பார்க்க வந்தால் மனைவியையும் சேர்த்துப் பில் போடுவது. சீட்டு என் பெயரில் இருக்கிறது, அவள் துணைக்கு வந்தவள் என்றேன். மெலிந்தவர்களுக்குச் சர்க்கரை வராது என்றும் எடுத்துச் சொன்னேன். ஆவுடை நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். "எனக்கென்னம்மா, நல்லாத்தான இருக்கேன். இவுகளப் பாருங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் வாசல்வரை வந்தார். "அம்மா, நாளைக்கு நீங்க மட்டும் தனியா வாங்க, காசு வேண்டாம்" என்றார். காசு வேண்டாம் என்கிற கடையை நான் சும்மா விட்டதே இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. சாப்பாட்டு முறைதான் கையில் இருக்கிறதே.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே சோம்பல். வாந்தி வருகிறது என்றாள். மூச்சை இழுத்து இழுத்து விட்டாள், டி.வி.யில் காட்டுகிற மூச்சுப்பயிற்சி போல. பக்கத்தில் போனால் வாயில் பழவாசனை. அன்னாசிப்பழம் மாதிரி. எனக்குத் தெரியாமல் என்ன பழம் தின்றாய் என்று கேட்டேன். "இன்னிக்கு வேண்டாமேங்க" என்றாள். ஒரு வாரம் விட்டால் சோதனையே வீண் அல்லவா? ஆட்டோ வைத்துத்தான் கூட்டிப்போனேன், நடக்கவிடவில்லை.

தராசில் ஏறினோம். வழக்கமாக அவள் என் இடுப்பைப் பிடிப்பாள். இன்றைக்கு நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். நூற்றுப் பத்தொன்பது. "பார்த்தீர்களா அண்ணாச்சி!" என்று நான் கை தட்டினேன். பிடித்திருந்த கைகள் அல்லவா, அவள் அப்படியே மடங்கி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கேட்டுக் கீழே குதித்தேன்.

அப்போது அண்ணாச்சி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவளைப் பார்த்துச் சத்தம் போடவில்லை, தராசைப் பார்த்துச் சத்தம் போட்டார். "சார்! நாப்பத்தி நாலு காட்டுது சார்! அம்மா மட்டும்தான் இருக்காங்க, நாப்பத்தி நாலு!"

பாவம், படிக்காதவர் இல்லை, ஆனால் பதற்றத்தில் மறந்துவிட்டார். மேடைத் தராசில் சுமை நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் காட்டுகிற எண்ணைக் கணக்கில் எடுக்கக் கூடாது. மூலைப் பிழை என்று அதற்குப் பெயரே உண்டு. அதை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் நின்று கேட்கவில்லை. மல்லி மூட்டை ஏற்றியிருந்த வண்டியில் மூட்டைகளைத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இங்கே கொண்டுவந்துவிட்டார். ஒரே ஆளாகத் தூக்கினார். மண்டிக்காரர், கை பலம். இப்போது கீழே பணம் கட்டப் போயிருக்கிறார்.

இங்கேயும் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சுகர் ஐந்நூறுக்கு மேல் என்கிறார்கள். அந்த மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். வெளியே போய் உட்காருங்கள் என்றார்கள்.

பொறுங்கள் தம்பி, கூப்பிடுகிறார்கள்.

நான்தான் சிஸ்டர், ஆவுடையம்மாளுடன் வந்தவன். பேசுகிறாளா? கண் திறக்கவில்லையா. சரி. எடையா? அவளை நிறுத்திப் பார்க்க முடியாது என்றால் என்ன, நான் இருக்கிறேனே. ஐம்பத்தெட்டு. உத்தேசமெல்லாம் இல்லை சிஸ்டர், துல்லியமாகவே சொல்கிறேன். இந்த விஷயத்தில் மாவட்டத்திலேயே என்னைவிடத் தெரிந்த ஆள் கிடையாது. ஐம்பத்தெட்டு கிலோ, எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொண்டு போய்விட்டார். நல்ல பெண், மறுகேள்வி கேட்கவில்லை. எதற்கு என்றா? ஏதோ மருந்தாம். எடையைப் பார்த்துத்தான் எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்வார்களாம்.